மழைக்குக் கணக்கு எங்கே?

(பள்ளிக்கரணைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



செயற்கை மழையைப் பற்றிச் சற்று விளக்கமாகப் பேச வேண்டும் என்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். நான் காலேஜில் படித்தவன் அல்ல. கையில் கிடைத்த புத்தகங்களையும் அறிக்கைகளையும் படித்து, விளங்காததை விளங்கினவர்களிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். ஆகையால் மேடையில் நின்று ஒருவன் சொல்லுகிறானே என்பதற்காக எதையும் நம்பி விடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தள்ளி விடுங்கள்.

மழையைப் பற்றிப் பேசுவதற்கு உங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. தென் சென்னையின் ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் வந்து சேருகிற இடம் உங்கள் சதுப்பு நிலம். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாய்த்தான் அது கடலைத் தேடிப் போக வேண்டும். 2015-ஆம் வருஷத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள் இக்கூட்டத்தில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அதே ஜனங்கள் 2019-ஆம் வருஷத்தில் பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த காலம் அது. நாலே வருஷத்திற்குள் ஒரே ஊர் இரண்டையும் அனுபவித்தது.

இன்னொரு விசேஷமும் உங்கள் ஊருக்கு உண்டு. வேளச்சேரி-தாம்பரம் ரோட்டில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தில் 2022-ஆம் வருஷத்தில் ஒரு வானிலை ரேடாரைத் தொடங்கி வைத்தார்கள். அது கண்ணுக்குத் தெரியாத அலையை வானத்தில் அனுப்புகிறது. மேகத்துக்குள் இருக்கிற மழைத்துளிகளில் பட்டு அந்த அலை எதிரொலிபோல் திரும்பி வருகிறது. திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும், எவ்வளவு பலமாய்த் திரும்பிற்று என்பதைக் கொண்டு அதில் எவ்வளவு மழை இருக்கிறது என்றும் கணக்கிடுகிறார்கள். சுற்றிலும் 100 கிலோமீட்டர் வரைக்கும் அதற்குக் கண் உண்டு. அந்த ரோட்டில் தினம் போகிற நம்மில் எத்தனை பேருக்கு அங்கே அப்படி ஒன்று இருப்பது தெரியும்? அதே ரோட்டில் எந்தக் கோவிலில் என்றைக்குத் திருவிழா என்பது மாத்திரம் குழந்தைக்கும் தெரியும்.

நிற்க. மழைக்கும் கணக்குக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் பார்ப்போம்.

வருஷந்தோறும் சித்திரை முதல் தேதியில் கோவிலில் பஞ்சாங்கம் படிக்கிறார்கள். அதில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று வருகிறது. அதோடு விடுவதில்லை. அந்த மழையில் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்று பாகப்பிரிவினையும் செய்து விடுகிறார்கள். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்த மரக்கால் யாருடைய மரக்கால்? அதை எந்த இடத்தில் வைத்தார்கள்? பங்குனி முடிவில் யாராவது போய் அளந்து பார்த்து, சொன்ன மரக்கால் வந்ததா, குறைந்ததா என்று ஒரு வரி எழுதியதுண்டா? வருஷ ஆரம்பத்திலேயே வரவு எழுதிவிட்டு, முடிவில் கல்லாவைத் திறந்தே பார்க்காத கணக்கப்பிள்ளையை எந்தக் கடைக்காரராவது ஒரு நாள் வைத்திருப்பாரா?

ஆனால் நம் குடியானவன் அப்படிச் செய்யவில்லை. மழை பெய்தபின் மண்ணைத் தோண்டி ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்று சொன்னான். எழுதப் படிக்கத் தெரியாதவன் சொன்ன சொல்தான். ஆனாலும் அது பெய்ததைப் பார்த்துச் சொன்ன சொல். மரக்கால் சொன்னவர் வேத சாஸ்திரமெல்லாம் படித்தவர். பெய்யப் போவதைப் பார்க்காமல் சொன்னார், பெய்தபின்னும் பார்க்கவில்லை.

மழை வராத காலத்தில் நம்மவர்கள் செய்கிற காரியங்களை நீங்கள் அறிவீர்கள். கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். விராட பர்வம் படிப்பார்கள். கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். இவையெல்லாம் பாமர மக்கள் செய்வது என்று தள்ளலாம். ஆனால் 2019-ஆம் வருஷத்தில், இந்து அறநிலையத் துறையே முக்கியமான கோவில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, மழைக்காக வருண ஜபம் செய்யும்படியும், அமிர்தவர்ஷினி, மேகவர்ஷினி முதலிய ராகங்களை வாசிக்கும்படியும் உத்தரவிட்டது. ஜூன் மாதத்தில் மந்திரிகளே கோவில் கோவிலாகப் போய் யாகத்தில் உட்கார்ந்தார்கள். யாகம் செய்தால் என்றைக்காவது ஒரு நாள் மழை பெய்துதானே தீரும்? அக்டோபரில் வடகிழக்குப் பருவம் ஆரம்பிக்கிற ஊரில் ஆகஸ்டில் யாகம் ஆரம்பித்தவனுக்குத் தோல்வியே கிடையாது. இதைவிட நஷ்டமில்லாத வியாபாரம் வேறு எது?

இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். சிரிப்பதை இன்னும் கொஞ்சம் நேரம் நிறுத்தி வையுங்கள். ஏனென்றால் யாகம் செய்கிறவரிடம் கேட்கிற கேள்வியை ஆகாய விமானத்தில் போகிறவரிடமும் கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் சார்லஸ் ஹாட்ஃபீல்டு என்று ஒருவர் இருந்தார். தையல் மிஷின் விற்பவர். மரத்தால் உயரமான பரண் கட்டி, அதன்மேல் தொட்டிகளில் ஏதோ மருந்துகளைக் கலந்து ஆவியாக விட்டு மழை பெய்விப்பதாகச் சொல்லிக் கொண்டிருந்தார். சான்டியாகோ நகரத்தில் மொரேனா என்ற நீர்த்தேக்கம் நிரம்பாமல் இருந்தது. அதை நிரப்பினால் 10,000 டாலர் தருவதாக நகரசபையார் வாய்வார்த்தையாய் ஒப்புக் கொண்டார்கள். 1916 ஜனவரியில் அவர் பரண் கட்டினார். மழை பிடித்தது. சாதாரண மழை அல்ல. ஓர் அணை உடைந்து, பாலங்கள் அடித்துக்கொண்டு போய், ஜனங்கள் செத்தார்கள். ஹாட்ஃபீல்டு வந்து பணம் கேட்டார். நகரசபையார் என்ன சொன்னார்கள் தெரியுமா? “மழை உன்னால் வந்தது என்றால் வெள்ளத்தினால் வந்த நஷ்டத்தையும் நீயே கட்டு” என்றார்கள். வழக்கு வருஷக்கணக்காய் நடந்து, கடைசியில் கோர்ட்டார் அந்த மழை கடவுள் செயல் என்று தீர்ப்புச் சொன்னார்கள்! மனிதன் நான் செய்தேன் என்கிறான். சட்டம் கடவுள் செய்தார் என்கிறது. அந்த ஜனவரியில் அவர் பரண் கட்டாமல் இருந்திருந்தால் எவ்வளவு மழை பெய்திருக்கும் என்ற கேள்விக்கு மாத்திரம் யாரிடத்திலும் பதில் இல்லை. அதற்கு வேண்டிய கணக்கு ஒருவரிடமும் இல்லை.

அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் பரணும் ஒன்று, யாக குண்டமும் ஒன்று. விமானமும் அங்கே மூன்றாவது குண்டம்தான்.

இப்பொழுது விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். இந்தச் சங்கதி தாய்மார்களுக்குச் சீக்கிரம் விளங்கும். பாலைக் காய்ச்சி ஆற வைத்து, ஒரு கரண்டி மோரை உறை ஊற்றினால் காலையில் தயிராகிறது. மேகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். மேகம் என்பது மிகச் சிறிய தண்ணீர்த் துளிகளின் கூட்டம். உயரத்தில் குளிர் அதிகமாகி, 0 டிகிரிக்குக் கீழே போனபின்னும் அந்தத் துளிகள் உறையாமல் தண்ணீராகவே தொங்கிக் கொண்டிருப்பதுண்டு. உறைவதற்கு ஒரு கரு வேண்டும். அந்தக் கரு கிடைத்தால் ஒரு துளி பனித்துகளாகி, சுற்றியுள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துப் பெருத்து, கனம் தாங்காமல் கீழே விழுகிறது. குளிர்ந்த நாட்டில் பனியாய் விழும். நம் நாட்டில் வழியிலேயே கரைந்து மழையாய் விழும்.

இதைக் கண்டறிந்தவர் வின்சென்ட் ஷேஃபர் என்பவர். இவர் பெரிய பட்டதாரி அல்ல. ஹைஸ்கூல் படிப்பையே பாதியில் விட்டு, ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் பட்டறைத் தொழிலாளியாய்ச் சேர்ந்து, பிறகு அங்கேயே ஆராய்ச்சிக்கு வந்தவர். 1946 ஜூலையில் ஒரு குளிர்பெட்டிக்குள் தன் மூச்சை ஊதி மேகம்போல் ஆக்கிப் பார்த்துக் கொண்டிருந்தார். பெட்டி போதிய குளிர் இல்லை என்று உலர்பனிக்கட்டி ஒன்றைப் போட்டார். உடனே அந்த மூச்சு மேகம் முழுவதும் இலட்சக்கணக்கான பனித்துகள்களாய் மின்னிற்று. அதே வருஷம் நவம்பர் 13-ஆம் தேதி விமானத்தில் போய், மலைமேல் நின்ற ஒரு நிஜ மேகத்தில் உலர்பனிக்கட்டியைத் தூவினார். மேகத்திலிருந்து பனி உதிர்ந்தது. அவருடன் வேலை செய்த பெர்னார்டு வானகட் என்பவர் சில்வர் அயோடைடு என்ற உப்பும் இந்த வேலையைச் செய்யும் என்று கண்டார். நம் பக்கத்து வெப்பமான மேகங்களுக்கு வேறு வழி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. அதே குணத்தை வைத்து நுண்ணிய உப்புத்தூளை மேகத்தின் அடியில் விட்டுத் துளிகளைப் பெரிதாக்குகிறார்கள்.

ஆனால் உறை மோர் கையில் இருந்து பால் இல்லாவிட்டால் தயிர் வருமா? வராது. பால் இருந்தும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்? திரிந்து போகும். ஐஸ்போலக் குளிர்ந்திருந்தால்? உறையாது. ஆகவே வீட்டுக்காரி முதலில் விரலை வைத்துச் சூடு பார்க்கிறாள். மேகத்துக்கும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எத்தனை டிகிரி குளிர், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். அந்த விரல்தான் கருவிகளும் கணக்குகளும். அது இல்லாமல் விமானத்தை மாத்திரம் அனுப்புவது, வெறும் சட்டியில் மோரை ஊற்றி மூடி வைத்துவிட்டு விடியற்காலையில் தயிருக்கு உட்காருவது போலத்தான்.

இந்த விரல் வைக்கும் காரியத்தை உலகத்தில் மிக ஒழுங்காய்ச் செய்திருப்பவர்கள் பனிமலை நாட்டார். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கிற துளி. அங்கே பனி என்றால் மலைமேல் மாதக்கணக்கில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பது. குளிர்காலமெல்லாம் விழுந்த பனி வேனிற்காலத்தில் உருகி ஆற்றில் வருகிறது. அதைக் கொண்டுதான் விவசாயமும் மின்சாரமும். ஆகவே மலையே அவர்களுக்குக் கரை கட்டாத ஏரி. ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று நாம் அளவுகோலைப் பார்க்கிறோம். பனியை எப்படி அளப்பது? கோலை நட்டு உயரம் பார்த்தால் போதாது. புதுப்பனி பஞ்சு மாதிரி. பத்து அங்குலம் கிடந்தாலும் உருக்கினால் ஓர் அங்குலத் தண்ணீர்தான் இருக்கும். பழம்பனி இறுகினது, அதே பத்து அங்குலத்தில் மூன்று, நான்கு அங்குலத் தண்ணீர் இருக்கும். ஆகவே நிறுக்க வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் ஜேம்ஸ் சர்ச் என்பவர். நெவாடா சர்வகலாசாலையில் லத்தீன் பாஷை கற்பித்த புரொபஸர்! செத்துப்போன பாஷையைக் கற்பித்தவர் உயிருள்ள ஜனங்களின் தண்ணீருக்குக் கணக்குக் கண்டார். சமஸ்கிருதப் பண்டிதர்கள் யாராவது இப்படி ஒரு மலை ஏறியிருந்தால் நமக்கு ஒரு பிரயோஜனம் உண்டாகியிருக்கும். அவர் ஒரு நீளக் குழாயைப் பனிக்குள் அடிவரை இறக்கி, உள்ளே வந்த பனியோடு குழாயைத் தராசில் மாட்டி நிறுத்தார். நிறையைக் கொண்டு தண்ணீர் எவ்வளவு என்று சொன்னார். இப்பொழுது அமெரிக்காவின் மேற்கு மலைகளில் 900-க்கு மேற்பட்ட இடங்களில் தானே நிறுத்துச் செய்தி அனுப்புகிற நிலையங்கள் இருக்கின்றன. உறையாத திரவம் நிரம்பிய தலையணை போன்ற ஒன்றின்மேல் பனி விழுகிறது. அது அழுத்துகிற அழுத்தத்தை அளந்து கருவி செய்தி அனுப்புகிறது.

அந்த மலைகளில் மேகத்தை விதைக்கிறவன் என்னென்ன தெரிந்துகொண்டு புறப்படுகிறான்? மேகத்தின் உச்சியில் எத்தனை டிகிரி என்பதைப் பலூன் அனுப்பிப் பார்க்கிறான். உறையாத தண்ணீர் மேகத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை மலையடிவாரத்தில் வைத்த கருவியால் பார்க்கிறான். காற்றின் திசையை மிகவும் ஜாக்கிரதையாகப் பார்க்கிறான். ஏனென்றால் இங்கே விட்ட புகை மலையேறிப் பனித்துகளாகி விழுவதற்குள் காற்று அதைப் பல மைல் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று தப்பினால் பனி அடுத்த ஆற்றின் பள்ளத்தாக்கில் விழும். பணம் கொடுத்தவன் ஒருவன், தண்ணீர் அடைந்தவன் வேறொருவன் என்று ஆகிவிடும். கடைசியாக, கீழே கிடக்கிற பனியின் நிறையையும் பார்க்கிறான். அது ஓர் அளவுக்கு மேல் போய்விட்டால், பனிச்சரிவும் வெள்ளமும் வரும் என்று விதைப்பதை நிறுத்திவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். எப்பொழுது நிறுத்துவது என்பதற்கும் கணக்கு! நம் நாட்டு யாகத்தில் நிறுத்துவதற்கு ஒரு மந்திரம் உண்டா? 2015 டிசம்பரில் யாராவது அதைச் சொன்னார்களா?

இவ்வளவு செய்தும் அவர்கள் கண்ட பலன் எவ்வளவு? வயோமிங் என்ற மாகாணத்தில் பல வருஷம் பரீட்சை செய்து 2014-இல் முடிவு சொன்னார்கள்: தகுந்த மேகம் வந்த சமயங்களில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை அதிகம் விழலாம். ஐடஹோ மாகாணத்தில் 2017 ஜனவரி 19-ஆம் தேதி ஒரு விமானம் மேகத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போய் சில்வர் அயோடைடை விட்டது. சற்று நேரத்தில் ரேடாரில், விமானம் போன தடத்தைப் போலவே வளைந்து வளைந்து பனி விழும் கோடுகள் தெரிந்தன. இயற்கை மேகம் அப்படிக் கோடு போடாது. ஆகவே அன்றைக்கு விழுந்த அந்தக் கோட்டுப் பனி மனிதன் செய்தது என்று பிரத்தியட்சமாய்ச் சொல்ல முடிந்தது. ஷேஃபர் மேகத்தில் தூவி 70 வருஷம் ஆனபின்தான் அவ்வளவு தெளிவாய்ச் சொல்ல முடிந்தது என்பதை நினைவில் வையுங்கள். விஞ்ஞானிகள் எழுபது வருஷம் “நிச்சயமாய்த் தெரியவில்லை” என்று சொல்லிக் கொண்டிருக்க வெட்கப்படவில்லை.

அந்தப் பனிக்கும் பள்ளிக்கரணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் பழையது. சென்னையில் நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையம் 1792-இல் ஏற்பட்டது. 1813 முதற்கொண்டு இந்த நகரத்துக்கு மழைக் கணக்கு இருக்கிறது. இந்தியாவில் இவ்வளவு பழைய மழைக் கணக்கு அபூர்வம். பிறகு 1875-இல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம் ஆரம்பித்து, சென்னை இராஜதானியில் இலட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள். மழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய வழி உண்டா என்று அந்த இலாகாவின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு தேடினார். இமயமலையில் பனி மிகுதியாய்க் கிடந்த வருஷங்களில் பருவமழை குறைகிறது என்று கண்டு, அதைக் கொண்டு 1880-களில் முன்னறிவிப்புச் சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சம்பந்தம் அவர் நினைத்த அளவு உறுதியானதல்ல என்று பிற்பாடு வந்தவர்கள் கண்டார்கள். எப்படிக் கண்டார்கள்? பனிக்கும் கணக்கு இருந்தது, மழைக்கும் கணக்கு இருந்தது; இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். “வானிலை இலாகாக்காரர் சொல்லுவதும்தான் பல சமயம் பொய்க்கிறது, பஞ்சாங்கக்காரரை மட்டும் ஏன் கண்டிக்கிறீர்?” என்று எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. வானிலைக்காரர் சொன்னது பொய்த்தது என்று தோழருக்கு எப்படித் தெரிந்தது? நாளைக்கு இன்ன இடத்தில் கனமழை என்று அவர் தேதி போட்டு, இடம் போட்டுச் சொன்னார்; மறுநாள் காலையில் இன்ன இடத்தில் இத்தனை சென்டிமீட்டர் என்று அவரே அளந்து வெளியிட்டார். தன் தப்பைக் காட்டும் அளவுகோலைத் தானே நம் கையில் கொடுக்கிறார். மரக்கால் சொன்னவர் அப்படி என்றைக்காவது கொடுத்தாரா?

நம் மாகாணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு சர்க்கார் வறட்சியின் காரணமாய் 1983-லும், 1984 முதல் 1987 வரையிலும், மறுபடியும் 1993-94-லும் மேக விதைப்பு நடத்தியிருக்கிறார்கள். கர்நாடக சர்க்கார் 2003-இல் செய்தார்கள். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘வருணா’! 2017-இல் மறுபடி செய்தபோது ‘வர்ஷதாரி’ என்று பெயர். விமானம் அமெரிக்கன் கண்டுபிடிப்பு, மருந்தும் அவன் கண்டுபிடிப்பு. பெருமை மாத்திரம் வருணனுக்கு. இருக்கட்டும். வறட்சி வந்தபின் விமானத்தைக் கூப்பிடுகிற காரியத்தில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. விமானத்தால் எவ்வளவு பெய்தது என்று சொல்ல வேண்டுமானால், அதேபோன்ற மேகங்களில் சிலவற்றை ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். ஊர் தாகத்தில் தவிக்கும்போது, கண்ணெதிரே போகிற மேகத்தைக் கணக்குக்காக விட்டுவிட எந்த மந்திரிக்கு மனம் வரும்? ஆகவே கணக்குக்கு வேண்டிய காரியத்தை நல்ல காலத்திலேயே, அவசரமில்லாமல் செய்திருக்க வேண்டும்.

அப்படிச் செய்தவர்கள் பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார். மழை மறைவுப் பிரதேசமான சோலாப்பூரில் 2018, 2019 வருஷங்களில் 276 மேகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எதை விதைப்பது, எதை விடுவது என்பதை விமானி தன் இஷ்டப்படி தீர்மானிக்கக் கூடாது. ஏனென்றால் நன்றாய்க் கறுத்த மேகத்தை விதைத்துவிட்டு, சோப்ளாங்கி மேகத்தை விட்டுவிட மனம் போகும். ஆகவே சீட்டுப் போட்டுப் பார்ப்பதுபோல முன்கூட்டியே தீர்மானித்து விடுகிறார்கள். கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பது சாமியின் மனம் என்னவென்று அறிவதற்காம். இங்கே சீட்டுப் போடுவது மனிதனின் ஆசை கணக்கில் புகாமல் தடுப்பதற்கு. மேலே விமானம், ஓரிடத்தில் ரேடார், தரையெங்கும் மழைமானிகள். எல்லாம் முடிந்து, கணக்கெல்லாம் பார்த்து, 2023-இல் வெளியிட்ட முடிவு: சராசரி நூற்றுக்கு 18 பங்கு அதிக மழை.

நூற்றுக்கு 18 நல்ல பலன்தான். ஆனால் எதற்கு நூற்றுக்கு 18? மேகம் வந்து, பெய்யக்கூடிய நிலையில் இருந்தால், அது பெய்வதற்கு மேல் 18. மேகமே இல்லாத 2019 மே மாதத்துச் சென்னை வானத்தில் 0-வுக்கு நூற்றுக்கு 18 எவ்வளவு? 2025 அக்டோபர் 28-ஆம் தேதி டில்லியில் புகைமூட்டத்தைக் கழுவுவதற்காகக் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தார் விமானத்தில் போய் விதைத்தார்கள். மேகத்தில் ஈரம் மிகக் குறைவு. டில்லியில் சொல்லத்தக்க மழை ஒன்றும் பெய்யவில்லை. ஈரம் போதவில்லை என்று அவர்களே வெளியில் சொன்னார்கள். அது யோக்கியமான பேச்சு. ஆனால் பாலில்லாத சட்டி என்பது உறை ஊற்றுவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டிய சங்கதி.

இன்னும் ஒரே ஒரு கணக்கு. இது உங்கள் ஊர்க் கணக்கு. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. மீனம்பாக்கத்தில் 35. நுங்கம்பாக்கத்தில் 29. எல்லாம் ஒரே புயற்சின்னம், ஒரே நாள். தாம்பரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் எவ்வளவு தூரம்? மின்சார ரயிலில் சில ஸ்டேஷன்கள். அன்றைக்கு முதல் நாள் தாம்பரத்தில் ஒருவர் யாகம் செய்திருந்தால், “பாருங்கள், யாகம் செய்யாத மீனம்பாக்கத்தைவிட 14 சென்டிமீட்டர் அதிகம்” என்று சொல்லியிருப்பார். விமானக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்திருந்தால் அவரும் அதே 14-ஐக் காட்டிப் பில் போட்டிருப்பார். நூற்றுக்கு 40 அதிகம் அல்லவா! இயற்கையே பத்துக் கிலோமீட்டருக்குள் இவ்வளவு வித்தியாசம் காட்டும்போது, மனிதன் கூட்டிய 18 பங்கைத் தனியே பிரித்தெடுக்க எத்தனை மழைமானிகள், எத்தனை வருஷக் கணக்கு வேண்டும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். ரேடாரும் துல்லியமாய்ச் சொல்ல வேண்டுமானால் தரையில் அளந்த மழையோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

அந்த 49 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு தண்ணீர் தெரியுமா? ஒரு கிரவுண்டு மனையின்மேல் விழுந்தது மாத்திரம் ஏறத்தாழ 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஒன்பது லாரித் தண்ணீர். எந்த விமானமும் வராமல், எந்தக் குண்டமும் எரியாமல் ஒவ்வொருவர் மனையிலும் ஒரே நாளில் ஒன்பது லாரி கொட்டிற்று. அதைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, நாலாவது வருஷம் லாரிக்கு நின்றோம். உங்கள் சதுப்பு நிலத்தை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தது நல்ல காரியம். அதற்குமுன் எத்தனை ஏக்கரைக் குப்பையாலும் கட்டடத்தாலும் நிரப்பியாயிற்று என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை; அதற்கு ஒரு தனிக் கூட்டம் வேண்டும்.

இங்கே வாலிபத் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். நீங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று சொல்லுகிறேன், செலவு இல்லாதது. பக்கம் நேராக உள்ள தகர டின் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அடி குறுகி வாய் அகன்ற பாத்திரம் உதவாது. மரத்துக்கும் வீட்டுக்கும் எட்ட, வெட்டவெளியில், தெறிக்கிற தண்ணீர் உள்ளே விழாதபடி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அசையாமல் வையுங்கள். வானிலை இலாகாவார் பார்க்கிற அதே காலை எட்டரை மணிக்கு, ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டுக் கொட்டி விடுங்கள். பள்ளிக்கரணையில் ஒருவர், மேடவாக்கத்தில் ஒருவர், பெரும்பாக்கத்தில் ஒருவர், தாம்பரத்தில் ஒருவர் என்று ஐந்தாறு வருஷம் எழுதி வந்தால், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கார்ப்பரேஷன்காரரோடு பேசும்போது உங்கள் கையில் வெறும் வாய் இராது, நோட்டு இருக்கும். செயற்கை மழை என்று யாராவது வந்தாலும் அதே நோட்டைத்தான் அவர் முன்னால் விரிக்க வேண்டும்.

ஒன்று மாத்திரம் மறந்துவிடாதீர்கள். மழை பெய்யாத நாளிலும் எட்டரை மணிக்குப் போய்ப் பார்த்து 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், அன்றைக்கு மழை இல்லையா, நீங்கள் தூங்கிவிட்டீர்களா என்று பின்னால் நோட்டைப் பார்க்கிறவனுக்குத் தெரியாது.